கைப்பிடி இறங்கவில்லையா? அழுத்தாதீர்கள்

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் கம்மாபுரம். இரண்டாம் சுரங்கத்துக்குப் பக்கம். மழைக்காலத்தில் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் சேர்ந்து வந்து, சரக்கு இறங்கும் ஷூட்டில் அடைத்துக்கொள்ளும். ஒரு பெல்ட் நின்றால், அதற்குச் சரக்கு கொண்டுவரும் பெல்ட்டுகளும் தானாக நிற்கும்படி மின் இணைப்பு இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன் கண்ணுக்கு எதிரே நிற்கிற பெல்ட்டைத்தான் போய்த் தட்டுவான். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டில், அதுவரை கண்ணால் பார்த்திராத ஓர் இயந்திரத்துக்கு வைத்தியம் சொன்னேன். தோட்டா செய்கிற இயந்திரம் அது.

மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன். வார இறுதியில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே திரும்பத் தோட்டாவாக்குகிறார். அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட சாதாரணப் பொழுதுபோக்கு. ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு போலப் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக் குண்டு. சுட்டால் மூன்று செலவாகிவிடும்; கூடு மட்டும் மிஞ்சும். அதுதான் விலை கூடிய பாகம் என்பதால் மிச்சம் பிடிக்கிறார்கள்.

நான் எதையும் தொடவில்லை. தொடவும் கூடாது. விசிட்டர் விசாவில் போனவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாலும் வாயாலும் மட்டும் வேலை பார்த்தேன். ஒரு பிட்டருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் முடுக்கிய ஓர் இரும்புச் சட்டம், பக்கத்தில் நம் ஊர் அடிபம்பு மாதிரி ஒரு கைப்பிடி. நடுவில் வட்டத் தட்டு. அதைச் சுற்றி ஐந்து கூடுகள் செருகி நிற்கும். பிடியை இறக்கினால் தட்டு மேலே போய், தலைக்கு மேல் இருக்கும் டை என்ற அச்சுகளுக்குள் ஐந்து கூடுகளும் ஒரே நேரத்தில் நுழையும். ஒன்றில் பழைய பிரைமர் தள்ளப்பட்டு, உப்பிய கூடு பழைய அளவுக்கு ஒடுங்கும். அடுத்ததில் மருந்து விழும். இன்னொன்றில் குண்டு உட்காரும். கடைசியில் வாய் இறுகும். பிடியை ஏற்றி முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் புதுப் பிரைமர் அடியில் பதியும். தட்டு ஓர் இடம் நகரும். ஆக, ஒவ்வொரு இறக்க ஏற்றத்துக்கும் ஒரு தோட்டா. அரிசோனாவில் உள்ள டில்லன் கம்பெனி இந்த வகைக்குப் பேர்போனது. லீ, ஹார்னடி கம்பெனிகளும் செய்கின்றன.

வேகத்துக்குக் காரணம் எதுவோ, சிக்கலுக்கும் அதுவேதான் காரணம். ஐந்து வேலைக்கும் ஒரே கைப்பிடி. பிடி இறுகினால், ஐந்தில் எது இறுகியது என்று கைக்குத் தெரியாது.

அன்றைக்கு மாப்பிள்ளை பிடியைத் தொங்கி அழுத்தினார். “மாப்ள, விடுங்க. அழுத்தாதீங்க” என்றேன். “எப்பவும் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும் மாமா” என்றார். எந்த இடத்தில் இறுகுகிறது என்று மட்டும் மெதுவாகப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பிடி இறங்கும்போதா, ஏறி முன்னால் தள்ளும்போதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கோளாறு அகப்பட்டுவிடும்.

இறங்கும்போது என்றால் டையின் பக்கம் பார்க்க வேண்டும். பொறுக்கி வந்த கூடுகளில் வேற்றாள் கலந்திருப்பான். 9 மில்லிமீட்டர் ரகக் கூட்டின் நீளம் சுமார் 19 மில்லிமீட்டர், அதே குடும்பத்து .380 ரகக் கூடு 17 சொச்சம்தான். வாளியில் கிடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறு பெரிய ரகக் கூட்டுக்குள் சின்னக் கூடு புகுந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி முறியும். சில நாட்டுக் கூடுகளில் நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரமாக இரண்டு துளைகள் இருக்கும். பெர்டான் வகை என்பார்கள். அதிலும் ஊசிக்குச் சாவுதான்.

கூடுகளை மெருகேற்ற, மக்காச்சோளத் தக்கையையோ வால்நட் ஓட்டையோ பொடித்து, அதோடு போட்டு உருட்டுகிறார்கள். அந்தத் தூள் ஒன்று துளையில் அடைத்திருந்தாலும் ஊசி தடுமாறும். (முந்திரி விளையும் விருத்தாசலம் பக்கத்துக்காரன் என்பதால் முந்திரி ஓடு ஆகுமா என்று யோசித்தேன். ஆகாது, அதில் தோலை அரிக்கிற எண்ணெய் இருக்கிறது.)

ரைபிள் கூடு என்றால் இன்னொரு தொல்லை. கழுத்து ஒடுங்கிய அந்தக் கூடுகளுக்கு எண்ணெய்ப் பூச்சு தடவாமல் விட்டால் டைக்குள் கவ்விக்கொள்ளும். இழுத்தால் அடி விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே நிற்கும். இதற்கு வைத்தியம் எங்கள் ஒர்க்ஷாப்பில் முறிந்த ஸ்டட்டை எடுப்பதற்குச் சொந்தம்: அடியில் துளை போட்டு, டேப் அடித்து மரை வெட்டி, போல்ட்டை முடுக்கி முடுக்கி வெளியே இழுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கை அரித்தது.

மாப்பிள்ளைக்கு இறுகியது முன்னால் தள்ளும்போது. அப்படியென்றால் பிரைமர். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. பிரைமர் அடித்தால் வெடிக்கும் சரக்கு. வரிசையாக ஒரு குழாயில் அடுக்கியிருக்கிறது. ஒன்றை நசுக்கினால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். குழாயைச் சுற்றி இரும்புக் கவசம் வைத்திருப்பது அதற்காகத்தான். கண்ணாடி போடாமல் அந்த மேசையில் உட்காரக் கூடாது.

அந்தக் கூட்டை எடுத்து விளக்கில் காட்டச் சொன்னேன். பிரைமர் உட்காரும் குழியின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்று உள்பக்கம் மடிந்திருந்தது. ராணுவத்துக்குச் செய்த கூடு. பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க அங்கே விளிம்பை அழுத்தி மடிக்கிறார்கள். பழையது வெளியே போய்விடும், புதியது உள்ளே போகாது. வளையத்தைச் சீவி எடுத்தால் தீர்ந்தது. .45 ரகத்தில் வேறொரு குழப்பம்: ஒரே அளவுக் கூட்டிலேயே சிலவற்றுக்கு 5.3 மில்லிமீட்டர் பிரைமர், சிலவற்றுக்கு 4.4. பெரியதைச் சின்னக் குழியில் திணித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கூடு சரி, பிரைமரும் சரி, ஆனாலும் இடிக்கிறதென்றால் தட்டைப் பார்க்க வேண்டும். தட்டுக்கு அடியில் மருந்துத் துகளும் பழைய பிரைமரின் கரியும் சேர்ந்துகொண்டால், அது நகர வேண்டிய இடத்துக்கு மயிரிழை முன்னால் நின்றுவிடும். நடு போல்ட் தளர்ந்தால் ஆடும். அதிகமாக முடுக்கினால் சுற்றாது. பிரஷ்ஷால் துடைத்து, போல்ட்டை முடுக்கி, சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்தி, பூட்டுத் திருகைப் போட வேண்டும். எண்ணெய் விடும்போது பிரைமரின் பக்கம் போய்விடக் கூடாது. எண்ணெய் பட்ட பிரைமர் வேலை செய்யாமல் போகலாம்.

சிக்கலை எடுத்ததும் “சரியாயிடுச்சு மாமா” என்று மாப்பிள்ளை பிடியில் கை வைத்தார். ஆபத்தான நேரம் அதுதான் என்பேன். பாதியில் நின்ற தட்டில் எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை? 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம்தான். இரண்டு மடங்கு விழுந்தாலும் சில மருந்துகள் கூட்டை விட்டு வழியாது. அதைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே இல்லாவிட்டால் பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழியில் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அதனால் சிக்கல் தீர்ந்ததும் ஐந்து கூடுகளையும் எடுத்து, மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாப்பிள்ளை முகம் சுளித்தார், ஆனால் செய்தார். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் என் மகள் அவரைச் சாப்பாட்டு மேசைக்கு விடுவதில்லை. ஈயம், அவள் செய்வது சரி.

நம் ஊரில் இது நடக்காது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பிள்ளைக்குத் துப்பாக்கி சுடும் ஆசை இருந்தால் ஏர் ரைபிள் இருக்கிறது: 4.5 மில்லிமீட்டர் ஈயத் துணுக்கைக் காற்று தள்ளுகிறது, மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை. நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இந்த விளையாட்டில்தான்.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சுடும் களத்துக்குக் கூட்டிப்போய் “சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்க” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பாக இருக்கிறதே என்று ஒரு காலிக் கூட்டைக்கூடப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்து ஸ்கேனரில் அது தோட்டாவாகத்தான் தெரியும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.