ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல் ஏன் சாகிறது?

2023 மே மாத நடுவில், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியர்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், கண் மங்கல். புதுச்சேரி ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான்.

இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது மெத்தனால். யார் விற்றார், எங்கிருந்து வந்தது, யாரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், நிவாரணம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. இறந்தவர்களின் உடலுக்குள் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் 'விஷம்' என்ற ஒரு சொல்லே போதுமென்று விட்டுவிட்டோம். அது போதாது. மெத்தனால் வயிற்றுக்குள் போன உடனே கொல்வதில்லை. அதைக் கொல்லும் பொருளாக மாற்றுவது நம்முடைய கல்லீரலே. மாற்றி முடிக்க அதற்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் ஆளைக் காப்பாற்ற வழி உண்டு. மரக்காணம் கடற்கரையில் இதைத் தெரியாதவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இது புரிய, செல் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டைக்குக் குறைவில்லை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஊரின் பெயராலேயே 'டி.எம்.வி.' என்று வெளியிட்ட நிலக்கடலை ரகங்களை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். ஒரு கைப்பிடி மல்லாட்டையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அதை அடுப்பில் போட்டால் எரியும். உள்ளே இருந்த ஆற்றல் முழுவதும் ஒரே மூச்சில் சூடாகிப் போய்விடும். செல்லுக்கு அந்தச் சூட்டால் பயனில்லை. தசையைச் சுருக்கவும், நரம்பில் செய்தி அனுப்பவும், புரதம் கட்டவும் அதற்கு ஆற்றல் சிறுசிறு அளவாகக் கிடைக்க வேண்டும். ஆகவே செல் அதே எரிப்பைப் பல படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு நொதியை வைத்துச் செய்கிறது. உணவை உடைப்பதும், கிடைத்ததைக் கொண்டு உடலைக் கட்டுவதுமான இந்த வேலை மொத்தத்தையும்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸை எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் நுழைந்ததும் 10 படிகளில் அது இரண்டாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் வரவு சொற்பம்: செலவு போக, செல்லின் வேலைகளுக்கு ஆற்றலைச் சிறுசிறு அளவாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு இரண்டே இரண்டு. ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் ஈஸ்ட் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. சர்க்கரையை உடைத்துத் தன் பங்கு ஏ.டி.பி.யை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எத்தனாலாக வெளியே தள்ளுகிறது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் சாராயம் உருவாவது இப்படித்தான். ஈஸ்ட் உயிரோடு இல்லாவிட்டாலும் அதன் சாறு மட்டுமே இந்த வேலையைச் செய்யும் என்று 1897-இல் ஜெர்மனியின் எடுவர்ட் புக்னர் காட்டினார். வளர்சிதை மாற்றத்தைச் சோதனைக் குழாயில் ஆராயலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது.

ஊறல் கெட்டுப்போனதால் சாராயம் விஷமாகிவிட்டது என்று ஊர்ப்பக்கம் சொல்வதுண்டு. இந்தச் சாவுகளுக்கு அது காரணமில்லை. ஈஸ்ட் தருவது எத்தனால். மரக்காணத்தில் விற்றது பெயின்ட், ரசாயன ஆலைகள் போன்ற இடங்களுக்கு உரிய மெத்தனால். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். வாசனையை வைத்தோ நாக்கில் வைத்தோ பிரித்துச் சொல்ல முடியாது.

ஈஸ்ட் நின்ற இடத்தில் நம் செல் நிற்பதில்லை. குளுக்கோஸின் பாதிகளும், மல்லாட்டையின் கொழுப்பு உடைந்த துண்டுகளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணறைகளுக்குள் போகின்றன. அங்கே ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சியில் அவை கார்பன்-டை-ஆக்சைடாகக் கரைகின்றன. நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பது அதுதான். கரையும்போது பிரிந்து வரும் எலக்ட்ரான்களை உட்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் கை மாற்றிக்கொண்டே போகின்றன. வரிசையின் கடைசிப் புரதத்துக்குச் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று பெயர். இரும்பும் தாமிரமும் பொதிந்த அந்தப் புரதம் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. ஆக்சிஜன் தண்ணீராகிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு செலவாவது இந்த ஒரு புரதத்தில்தான்.

எலக்ட்ரான் நகர நகர, சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்கள் குவிகின்றன. அவை திரும்பி வர ஒரே வழி, சவ்வில் செருகியிருக்கும் ஒரு நுண்ணெந்திரத்தின் ஊடே. புரோட்டான் பாயும்போது அது உண்மையாகவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. செய்கிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்தக் கருத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் கிடைப்பது ஏறக்குறைய 30 ஏ.டி.பி. மைட்டோகாண்ட்ரியா இல்லாவிட்டால் இரண்டு. இந்த 30-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மனித உயிர் ஓடுகிறது.

இந்த ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்த கதையில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் வருகிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்கு வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்தார். ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925-இல் வெளியிட்ட முறை உலகெங்கும் ஆய்வகங்களில் பரவியது. அந்த அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தசைக்குள் தேடினார்கள். 1927-இல் பாஸ்போகிரியேட்டின், 1929-இல் ஏ.டி.பி. அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டார். நம் பாடப்புத்தகங்கள் கிரெப்ஸுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியாவது சுப்பாராவுக்கு ஒதுக்க வேண்டும். மெத்தனால் விஷயத்திலும் அவருடைய கை இருக்கிறது. சற்றுப் பொறுத்து அங்கே வருவோம்.

நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. மொத்தமே 100 கிராமுக்கு முன்பின்தான். ஒரு நாளில் உடைந்து மறுபடி உருவாகும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடைக்கு வந்துவிடும். சேமித்துவைத்துச் செலவழிக்கும் பொருளில்லை அது. கணத்துக்குக் கணம் செய்தாக வேண்டும். செய்வது நின்றால் மூளையும் இதயமும் சில நிமிடங்கள்கூடத் தாங்குவதில்லை.

இப்போது மெத்தனாலுக்கு வருவோம். சாராயம் எதுவானாலும் கல்லீரலில் அதை எதிர்கொள்வது ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி. எத்தனால் வந்தால் இந்த நொதி தொடங்கி வைக்க, கல்லீரல் அதை இரண்டு படிகளில் அசிட்டேட்டாக மாற்றிவிடும். அசிட்டேட்டைச் செல்கள் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். மெத்தனால் வந்தாலும் அந்த நொதி அதே வேலையைத்தான் செய்கிறது. கிடைப்பது முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். முசுறு எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுகிற அதே அமிலம். ஃபார்மால்டிஹைடு ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே தங்கும். ஃபார்மிக் அமிலம் அப்படிப் போய்விடுவதில்லை. அதை அப்புறப்படுத்தக் கல்லீரலுக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். எலிக்கு அந்த வழி வேகமானது. ஆகவே எலி மெத்தனாலைத் தாங்கிக்கொள்கிறது. மனிதனுக்கும் குரங்குக்கும் மிக மெதுவான வழி. அமிலம் தேங்குகிறது.

தேங்கிய அமிலம் போய்ப் பிடிப்பது, மேலே சொன்ன அந்தக் கடைசிப் புரதத்தை. சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் இரும்பில் அது ஒட்டிக்கொண்டால் ஆக்சிஜனுக்கு இடமில்லை. பொங்கலுக்கு ஊர் திரும்பும் நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியின் எல்லாக் கவுன்டரையும் மூடினால் திண்டிவனம் வரை வண்டி நிற்கும் அல்லவா, அதுபோலக் கடைசிப் படி அடைபட்டதும் பின்னாலிருக்கும் எலக்ட்ரான் வரிசை முழுவதும் நின்றுபோகிறது. புரோட்டான் குவிவதில்லை, நுண்ணெந்திரம் சுழல்வதில்லை, ஏ.டி.பி. வருவதில்லை. சயனைடும் இதே இடத்தைத்தான் பிடிக்கிறது. அது இதைவிடப் பல மடங்கு உக்கிரம்.

நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த நேரத்தில் நல்ல எண்ணையே காட்டலாம். நுரையீரல் வேலை செய்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. செல்லால்தான் அதைத் தொட முடியவில்லை. வேறு வழியின்றிச் செல் அந்தப் பழைய இரண்டு ஏ.டி.பி. வழிக்கே திரும்புகிறது. அதன் கழிவான லாக்டிக் அமிலமும் ரத்தத்தில் சேர்கிறது. ரத்தம் புளிக்கப் புளிக்க, ஃபார்மிக் அமிலம் இன்னும் எளிதாகச் செல்லுக்குள் புகுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலில் அகப்பட்டவர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவார். அமிலத்தைக் கார்பன்-டை-ஆக்சைடாக வெளியே தள்ள உடல் செய்யும் கடைசி முயற்சி அது.

கண் முதலில் அடிபடுவதற்குக் காரணம் அதன் பசி. விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் ஏ.டி.பி. இடைவிடாமல் வேண்டும். பார்வை நரம்பு கண்ணிலிருந்து கிளம்பும் இடத்தில் மைட்டோகாண்ட்ரியா அடர்ந்திருக்கிறது. அங்கே உற்பத்தி குறைந்ததும் எதிரே புகை மூட்டம் போட்டதுபோலத் தெரியும். 'கண்ணு மங்குது' என்று குடித்தவர் சொன்னால் அதைப் போதை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. அடுத்த அடி அதற்கு. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை திரும்புவதேயில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரக்கணக்கு. குடித்ததும் சாதாரணப் போதைதான். நொதி மெத்தனாலை மாற்றி, அமிலம் தேங்கி, கண்ணில் தெரிய பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பல மடங்கு ஈர்ப்பு. எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலை அது அதிகம் தொடாது. சிகிச்சையும் இந்த ஈர்ப்பிலிருந்தே வந்தது. நொதியை வேறொன்றால் நிறைத்து வைத்தால் மெத்தனால் மாறாமல் இருக்கும். டயாலிசிஸில் அதை வெளியேற்றிவிடலாம். அதற்கு மருத்துவமனையில் அளந்து எத்தனால் கொடுப்பார்கள், அல்லது ஃபோமெபிசோல் என்ற மருந்தை ஏற்றுவார்கள். ரத்தத்தின் புளிப்பை இறக்க சோடியம் பைகார்பனேட். தேங்கிய ஃபார்மிக் அமிலத்தைக் கரைக்க ஃபோலிக் அமிலம் அல்லது அதன் உறவான ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கி 1945-இல் உலகுக்கு அறிவித்தது அமெரிக்காவின் லெடர்லே நிறுவனக் குழு. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் சுப்பாராவ். செல்லின் ஆற்றலைக் கண்டவர், அந்த ஆற்றல் முடங்கும்போது கைகொடுக்கும் வைட்டமினையும் தந்திருக்கிறார்.

முறிவு என்று நினைத்து வீட்டிலேயே டாஸ்மாக் சரக்கைக் கொடுப்பது ஆபத்து. எத்தனாலின் அளவை ரத்தத்தில் பார்த்துப் பார்த்து நிலைநிறுத்த வேண்டும். ஏற்கெனவே உருவான அமிலத்தை அது ஒன்றும் செய்யாது. அரைமயக்கத்தில் இருப்பவர் வாந்தியெடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஃபோமெபிசோல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு பெருஞ்சாவுகளைக் கண்ட இந்த வட்டாரத்தில் மரக்காணம், திண்டிவனம் அரசு மருத்துவமனைகளிலேயே அதன் முதல் ஊசி கையிருப்பில் இருக்க வேண்டும். டயாலிசிஸுக்கு முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ போய்ச் சேரும் வரை நொதியை நிறுத்திவைக்க அந்த ஒரு ஊசி போதும். இதைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

குடும்பத்தார் செய்ய வேண்டியது: 108-ஐ அழைப்பது, என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தயங்கி 'வயித்துவலி' என்று மட்டும் சொன்னால், வயிற்றுவலிக்கான ஊசியோடு திரும்பி வர நேரும். பாட்டிலோ பாக்கெட்டோ மிச்சமிருந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒருவர் விழுந்ததும் அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் யார் என்று உடனே தேட வேண்டும். 'எனக்கு ஒண்ணும் பண்ணல' என்பவரையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டும். அவர் கல்லீரலில் மெத்தனால் இன்னும் முழுதாக மாறியிருக்காது. முழுப் பார்வையோடு வீடு திரும்பும் வாய்ப்பு அவருக்குத்தான் அதிகம்.