தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் இடையே



மன்றத்தில் நம்மவர் ஒருவர் உறுப்பினரானால் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறோம். நம் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் என்று தீர்மானம் போட்டுவிட்டால் பட்டாசே வெடிக்கிறோம். ஒரு தீர்மானம் எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதை மகத் நகராட்சியிடமிருந்து நாம் கற்க வேண்டும்.

1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்றது அது. நிறைவேறியது. அதை ஏற்று 1924 ஜனவரியில் மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. குளம் திறந்தது காகிதத்தில்தான். சாதி இந்துக்களின் எதிர்ப்புக்கு அஞ்சி நம் மக்கள் அங்கே ஒரு குடம் முகர முடியவில்லை.

போலே சும்மா இருக்கவில்லை. இந்த முடிவை அமல்படுத்தாத நகராட்சிகளுக்கு அரசு மானியம் தரக் கூடாது என்று 1926இல் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். மன்றத்தின் நாடி பணத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்று நீர் அருந்தினார்கள். திரும்பியவர்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. டிசம்பரில், குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கினார்கள். 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. முதல் தீர்மானத்திலிருந்து 14 ஆண்டுகள்.

ஆக, தீர்மானம் போடுவது ஒரு போராட்டம். அமல்படுத்த வைப்பது இன்னொன்று. ரத்தாகாமல் காப்பது மூன்றாவது.

இன்று தமிழ்நாட்டில் நிலைமை என்ன? தனி ஊராட்சியில் தலைவர் நாற்காலி நமக்கு. அதற்காகவே 1997இல் மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆனால் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு கையெழுத்தை நிறுத்திவைத்தால் போதும், தீர்மானம் அப்படியே புத்தகத்தில் உறங்கும். நாற்காலியில் நம்மவர், பூட்டுச் சாவி வேறொருவரிடம்.

எனவே, கூட்டம் முடிந்ததும் நாம் கைதட்டிக் கலையக் கூடாது. தீர்மான எண், தேதி இரண்டையும் குறித்துக்கொள்வோம். எந்த நிதியிலிருந்து பணம்? வேலை உத்தரவு எப்போது? யார் எதிர்த்தார்கள், யார் கையெழுத்துப் போடவில்லை? பின்னர் வேறு கூட்டத்தில் அது மாற்றப்பட்டதா? கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். அடுத்த கிராம சபையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கலாம்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் தீர்மானப் புத்தகத்தைப் படியுங்கள். எந்தத் தெருவுக்கான தீர்மானம் எத்தனை நாளில் வேலையானது என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஊரும் சேரியும் அதில் தனித்தனியாகத் தெரியும்.

மகத்தில் நாம் கேட்டது புதிய சலுகை அல்ல. மன்றம் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததைத்தான்.

ஜெய்பீம்.