உயிர் பெறாத கணினி



உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களிலும் இன்று உதிரிப் பாகங்களை வாங்கிப் பிள்ளைகளே கணினியைப் பூட்டிவிடுகின்றனர். பொத்தானை அழுத்தியும் அது உயிர் பெறாவிடில், மதர்போர்டு பழுதென்று முடிவுகட்டிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

முதலில் அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகி மின்சாரம் வருகிறதா எனப் பாருங்கள். பின்புறமுள்ள எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சையும் கவனியுங்கள். பிறகு மின்வயரைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் 24 முனை இணைப்பும் பிராசஸருக்குரிய 8 முனை இணைப்பும் நன்கு பதிந்துள்ளனவா என ஆராயுங்கள். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், ராமைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் அதன் மின்தேக்கிகளில், வயரைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். பெட்டி பழுதெனில் புதியது வாங்குங்கள். பணத்தை மீண்டும் ஈட்டலாம்; பிள்ளையின் உயிரை ஈட்ட இயலுமா?