பாஸ்டரும் பாஸ்டரம்மாவும்: சிறு சபைகளின் அன்றாட உழைப்பும் சட்டம் காண மறுக்கும் சாதியும்

சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியை ஒட்டி அமைந்துள்ள சென்னீர்குப்பம் போன்ற குடியிருப்புகளில், வாடகை வீட்டின் மாடியிலோ தகரக் கொட்டகையிலோ இயங்கும் சிறு கிறித்தவ சபைகளைக் காண்பது அரிதன்று. பெரிய திருச்சபைகளைப் போல இவற்றுக்கு மறைமாவட்டமோ மாத ஊதியமோ கல்லறைத் தோட்டமோ இல்லை. ஒரு கணவனும் மனைவியுமே இவற்றின் முழு நிர்வாகம். இத்தகைய சபைகளை நடத்துவோரிலும் அங்கு வந்து அமர்வோரிலும் கணிசமானோர் தலித் மக்கள். ஆகவே இத்தம்பதியரின் அன்றாடப் பணியை மதத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாதி, உழைப்பு, பெண் விடுதலை, அரசியல் சாசன உரிமை ஆகிய நான்கும் அங்கே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாளின் பணி

இத்தகைய ஊழியத்தின் நாள் விடியலுக்கு முந்தைய ஜெபத்தோடு தொடங்குகிறது. அதன்பின் கணவர் பலரும் வேலைக்குச் செல்கின்றனர். காணிக்கையும் தசமபாகமும் மட்டும் குடும்பத்தைத் தாங்குவதில்லை என்பதால் ஆட்டோ ஓட்டுதல், பெயின்டிங், ஒப்பந்தத் தொழிற்சாலை வேலை எனப் பகுதிநேரப் பிழைப்பு தேவைப்படுகிறது. சபைக்கு வருவோர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்யும் பெண்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளர், கோயம்பேட்டில் சுமை தூக்குவோர், தூய்மைப் பணியாளர். அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரமே சபையின் வேலை நேரம். எனவே வீடு சந்திப்பு மாலையில் தொடங்கி இரவு வரை நீள்கிறது.

வாரத்தில் ஒரு நாள் உபவாச ஜெபம், ஒரு நாள் பெண்கள் கூடுகை, ஒரு நாள் வீட்டுக் கூட்டம், ஞாயிறன்று ஆராதனையும் சிறுவர் வகுப்பும். இவை அறிவிக்கப்பட்ட பணிகள். அறிவிக்கப்படாத பணிகள் இவற்றினும் அதிகம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு பேசுவது, குழுக்கடன் தவணை கட்ட முடியாமல் ஒளிந்து வாழும் பெண்ணுக்காகப் பரிந்து பேசுவது, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் கொடுத்து உடன் நிற்பது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்பது, விண்ணப்பங்களை நிரப்பித் தருவது என அப்பட்டியல் நீளும். அரசின் சமூக நலத்துறை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை இத்தம்பதியர் ஊதியமின்றிச் செய்கின்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

‘பாஸ்டரம்மா’ என்னும் பதவி

கணவரை மக்கள் ‘பாஸ்டர்’ என்றும் ‘ஐயா’ என்றும் அழைக்கின்றனர். மனைவி ‘பாஸ்டரம்மா’ ஆகிறார். இச்சொல்லில் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பதவி கணவரின் பதவியிலிருந்து பிறந்தது. அவருக்கென்று தனி நியமனம் இல்லை. பெண்கள் கூடுகை, சிறுவர் வகுப்பு, பாடல் பயிற்சி, ஞாயிறு உணவு, பிரசவித்த வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் முதலில் செல்வது ஆகிய யாவும் அவர் பொறுப்பு. கணவனால் அடிபட்ட பெண் முதலில் தேடி வருவது பாஸ்டரம்மாவைத்தான். இருந்தும் ஞாயிறு பிரசங்க மேடை பெரும்பாலும் கணவருக்கே உரியதாக இருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்குகிறது. 2013இல் புஷ்பா லலிதா அதன் முதல் பெண் பேராயர் ஆனார். தனிச் சபைகளில் இத்தகைய அமைப்பு விதிகள் எவையும் இல்லை. அதனால் பல இடங்களில் மனைவியின் பெயர் அறக்கட்டளைப் பத்திரத்தில் கையொப்பமாக மட்டுமே இருக்கிறது. கணவர் இறந்துவிட்டால் அவர் கட்டியெழுப்பிய சபையில் அவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு விடை இல்லை. தலித் பெண்ணின் உழைப்பு வயலிலும் வீட்டிலும் கணக்கில் வராதது போலவே இங்கும் கணக்கில் வராமல் போவதை நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும்.

தனிச் சபை ஏன் தேவைப்பட்டது?

பெரிய திருச்சபைகள் இருக்க, மக்கள் ஏன் கொட்டகைக்கு வருகின்றனர்? மொழியும் பாட்டும் குணமளிக்கும் ஜெபமும் காரணங்களே. அவற்றோடு சாதியும் ஒரு காரணம். விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமையும் தனிப்பங்கும் கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதியால் பிரிக்கும் சுவர் பல ஆண்டுகளாக விவாதப் பொருளாக இருந்தது. ஒரே பலிபீடத்தின் முன் மண்டியிடுவோர் ஒரே மண்ணில் புதைக்கப்பட முடியவில்லை. தன் சாதியைச் சேர்ந்த ஒருவர் மேடையில் நிற்பதும், தன் வீட்டில் அவர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் இவ்வனுபவத்தைச் சுமந்து வந்தவர்களுக்குச் சிறிய செய்தி அன்று.

இப்பகுதிக்கு இதைவிட நீண்ட வரலாறும் உண்டு. முன்பு இது செங்கல்பட்டு மாவட்டம். அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையே 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது. அக்காலத்தில் இப்பிரச்சினையை அரசின் முன் வைத்தவர்களில் மிஷனரிகளும் அடங்குவர். அயோத்திதாசரோடு இணைந்து இயங்கிய ஜான் ரத்தினம் ஒரு கிறித்தவப் போதகர். பள்ளி நடத்தியதும் ‘திராவிட பாண்டியன்’ இதழை வெளியிட்டதும் அவர் பணிகள். ஊழியமும் உரிமைப் போராட்டமும் ஒருவரிடமே சேர்ந்திருந்த மரபு சென்னையில் இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

இத்தம்பதியர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான கேள்வி இறையியல் சார்ந்தது அன்று. வட்டாட்சியர் அலுவலகம் சார்ந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, அதன் மூன்றாம் பத்தியில், இந்து மதம் அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இதனால் அவர்கள் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீட்டையும், தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் இழக்கின்றனர்.

எனவே சபையில் பல ஆண்டுகள் அமர்ந்தும் ஞானஸ்நானம் பெறாதோர் பலர். மகனின் கல்லூரிச் சேர்க்கை முடியட்டும், மகளுக்கு அரசு வேலை கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கின்றனர். இதை ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று கூறியது. குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானமும் அவ்வழக்கில் அப்பெண்ணுக்கு எதிராக எடைபோடப்பட்டது. ஆக, சபையின் ஞானஸ்நானப் பதிவேடு வெறும் ஆன்மிக ஆவணம் அன்று; ஒரு குடும்பத்தின் சட்டத் தகுதியை மாற்றக்கூடிய சான்று. அதில் பெயர் எழுதும் போதகர் தாம் எதை எழுதுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். எழுதப்படுபவருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டும்.

போதகரின் சொந்த நிலையோ இன்னும் கடினமானது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகராகப் பணியாற்றிய ஒருவர் தம்மைச் சாதி சொல்லித் தாக்கியதாகத் தொடுத்த வன்கொடுமை வழக்கை ரத்து செய்தது. கிறித்தவராக வாழ்பவர் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்பதே காரணம். அவர் கையில் சாதிச் சான்றிதழ் இருந்தும் அது உதவவில்லை. அடித்தவனுக்கு அவர் சாதி தெரிந்திருந்தது. சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இதன் முரணை மற்றொரு தீர்ப்பு வெளிப்படுத்துகிறது. 2015இல் கே. பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறியவரின் வழித்தோன்றல் இந்து மதத்துக்குத் திரும்பி, முன்னோரின் சாதியினரால் ஏற்கப்பட்டால் பட்டியல் சாதித் தகுதியை மீண்டும் பெறலாம் என்றது. அதாவது தலைமுறைகள் கடந்தும் சாதி எங்கோ காத்திருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. திரும்பி வந்தால் உயிர்பெறும் சாதி, வெளியே சென்றபோது இறந்துவிட்டது என்று எவ்வாறு கூற இயலும்?

கூடும் இடமும் காவல் நிலையமும்

அடுத்த கவலை இடம். வீட்டு உரிமையாளர் சாதி கேட்டுத் தயங்குவார். ஜெபக்கூட்டம் என்றால் மறுப்பார். சொந்த நிலம் வாங்கினாலும் சிக்கல் தீர்வதில்லை. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்றன. பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கவும் அவை இடமளித்தன. எதிர்ப்பாளர்கள் நான்கு பேர் கூடிக் குரல் எழுப்பினாலே ‘அமைதிக் குலைவு’ என்ற காரணம் உருவாகிவிடும்.

அதே வேளையில் சபைகளும் சட்டத்தை மதிக்கக் கடமைப்பட்டவை. சென்னையின் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் தொடர்ந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வழியே ஜெபிக்க எந்த மதமும் கட்டளையிடவில்லை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே ஒலி வரம்பு. இதைக் கடைப்பிடிக்கும் சபைக்கு எதிரான புகார் எளிதில் வலுவிழக்கும்.

கூட்டத்தைக் கலைக்க வருவோர் சட்டம் தம் பக்கம் இருப்பதாகப் பேசுவது வழக்கம். தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டபூர்வமாக நடைபெறும் வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆவது பிரிவின்கீழ் குற்றம். தீண்டாமை இழைக்கப்பட்டால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதன் குற்றப் பிரிவுகள், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவே இருக்க வேண்டும் என்று வரையறுக்கவில்லை. வன்கொடுமைச் சட்டம் கைவிடும் இடத்தில் இச்சட்டத்தையாவது வழக்கறிஞர்கள் எடுத்தாள வேண்டும்.

திருமணமும் சாவும் தனிச் சிக்கல்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி உரிமம் பெறாத போதகர் திருமணம் நடத்தி வைக்க இயலாது. சடங்கு நடந்தும் சான்று இல்லாத நிலையில், பின்னாளில் ஜீவனாம்சம் கேட்டு நிற்பது பெண்ணே. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. மணமக்களை முதலில் சட்டபூர்வ வழிக்கு அனுப்பிவிட்டு, பிறகு வாழ்த்தி ஜெபிப்பதே பொறுப்பான ஊழியம். சாவு நேர்ந்தாலோ, கல்லறைத் தோட்டம் வைத்துள்ள திருச்சபைகள் தம் உறுப்பினர் அல்லாதோருக்கு இடம் தரத் தயங்குகின்றன. உடலை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவது பாஸ்டரின் பணிப்பட்டியலில் மிகத் துயரமான ஒன்று.

நாம் கேட்க வேண்டியவை

இச்சபைகளை நாம் குறைகளற்றவையாகக் காட்டவில்லை. ‘இங்கே சாதி இல்லை’ என்று ஞாயிறன்று அறிவித்துவிட்டு, வரன் தேடும்போது சாதி கேட்கும் பழக்கம் இங்கும் உண்டு. வறுமைக்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று போதிப்பது, கூலி உயர்வு கேட்க வேண்டிய தொழிலாளியின் வாயை அடைக்கிறது. ஜெபம் போதும், மருந்து வேண்டாம் என்பது உயிரைப் பறிக்கும். இவற்றை உள்ளிருந்தே கேள்வி கேட்கும் போதகர்கள் நமக்குத் தேவை.

ஆயினும் முதன்மைப் பொறுப்பு அரசினுடையது. நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2004இல் தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. 2022இல் ஒன்றிய அரசு கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தோடு நில்லாமல், மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவற்றையேனும் தமிழ்நாடு அரசு செய்யலாம். தலித் கிறித்தவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் உள் ஒதுக்கீடு, அனைவருக்குமான பொது இடுகாடு, வழிபாட்டுக் கட்டட அனுமதிக்குக் கால வரம்பு, உபதேசியார் நல வாரியத்தில் தனிச் சபை ஊழியர்களையும் அவர்தம் மனைவியரையும் தனித்தனி உறுப்பினராகச் சேர்த்தல் ஆகியவை அத்தகையன.

தலித் இயக்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ‘அல்லேலூயா கூட்டம்’ என்று ஏளனம் செய்து இம்மக்களை விலக்கி வைத்தால், சேரியின் ஒரு பெரும்பகுதியை நாமே இழக்கிறோம். சட்ட விளக்கக் கூட்டம் ஒன்றை அக்கொட்டகையிலேயே நடத்த முன்வந்தால், சாதிச் சான்றிதழ் முதல் குடும்ப வன்முறை வரை அங்கே கேட்கப்படும் கேள்விகள் நம்முடையவை என்பது விளங்கும். அக்கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பை ஒரு பாஸ்டரின் தலையிலும் ஒரு பாஸ்டரம்மாவின் தலையிலும் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது நியாயமன்று.