செல்லுக்குப் புதுக் கண்: கார்-டி சிகிச்சை என்ன செய்கிறது?

உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்தும் புற்றுநோய் ஏன் வளர்கிறது? அடையாளம் தெரியாதது ஒரு முக்கியக் காரணம். அய்யனார் ராத்திரியில் குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றிவருவார் என்பார்களே, அப்படி நம் ரத்தத்தில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் காவல் சுற்றுகின்றன. எதிர்ப்படும் செல்லின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்துத்தான் சொந்தமா பகையா என்று முடிவு செய்கின்றன. புற்றுச்செல்லோ நம் உடம்பிலேயே பிறந்தது. பலநேரம் சொந்தக்காரன் என்றே தப்பிவிடுகிறது.

கார்-டி சிகிச்சை இந்தக் காவலுக்குப் புதுக் கண் வைக்கிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். நோய் உண்டாக்க முடியாதபடி முடக்கிய வைரஸ் ஒன்று டி செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுசேர்க்கும். பிறகு அந்தச் செல்லின் மேல் ஒரு புது ஏற்பி முளைக்கும். அதன் வெளிமுனை, பி செல்கள் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி19 போன்ற ஒரு புரதத்தைக் கவ்வும். கவ்வியதும் உள்முனை, தாக்கச் சொல்லிச் செல்லைத் தூண்டும். இப்படி மாற்றிய செல்களைப் பெருக்கி, டிரிப்ஸ்போல் திரும்ப ஏற்றுவார்கள்.

ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. பி செல் ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவை மற்ற சிகிச்சைக்கு அடங்காதபோது இதைத் தருகிறார்கள். ஆய்வில் சுமார் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஆகும் சிகிச்சை, இங்கே லட்சங்களில் முடிகிறது. வேலூர் சிஎம்சியின் வேல்கார்ட் என்ற கார்-டி ஆய்விலோ, செல்களை மருத்துவமனையிலேயே சுமார் 9 நாளில் தயாரித்தார்கள்.

இந்தச் சிகிச்சைகளின் புதுக் கண்ணுக்குத் தெரிவது சிடி19 மட்டுமே. நல்ல பி செல்லிலும் அது இருப்பதால் அவையும் சேர்ந்தே அழியும். தொற்று எளிதில் வரும். தாக்குதல் வேகத்தில் கடுங்காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். நுரையீரல், குடல் போன்ற கட்டிப் புற்றுகளில் இப்படிப் பொது அடையாளம் கிடைப்பது அரிது என்பதால், அங்கே வெற்றி இன்னும் குறைவு.

ஆகவே 'எல்லாப் புற்றுக்கும் கார்-டி' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த வகைப் புற்று, அதன் செல்லில் சிடி19 போன்ற அடையாளம் இருக்கிறதா என்று ரத்தநோய் நிபுணரிடம் முதலில் கேளுங்கள்.