வெளிநாட்டில் ஆசிரியர் வேலையா? கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படிங்க!

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பி.எட். முடித்துத் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் பலருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பிடிஎஃப் வந்திருக்கும்: "மாலத்தீவில் ஆசிரியர் வேலை. தங்குமிடம் இலவசம். உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க." சம்பளத் தொகையைப் பார்த்ததும் மீதிப் பக்கங்களைப் படிக்கப் பொறுமை இருக்காது. ஆனால் விஷயமே அந்த மீதிப் பக்கங்களில்தான் இருக்கிறது.

உங்கள் ஒப்பந்தத்தை வேறு யார் பார்ப்பார்கள்?

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தமும் பரிசீலிக்கப்படும். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. மாலத்தீவு அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை.

அதாவது, பட்டதாரி ஆசிரியரின் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் எந்த அலுவலகமும் சரிபார்ப்பதில்லை. சலுகைதான். ஆனால் படித்துப் பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

முதலில் ஏஜென்ட் யார் என்று பாருங்கள்

மத்திய அரசின் ஈ-மைகிரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. முகவரின் பெயரும் உரிமமும் இப்போது செல்லுபடியாகிறதா என்று போனிலேயே பார்க்கலாம். பதிவுபெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். "டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய ஆறு இடங்கள்

1. சம்பளம் எந்தப் பணத்தில்? மாலத்தீவில் பல பள்ளிகள் ரூஃபியாவில் சம்பளம் தருகின்றன. வங்கிக் கணக்கில் ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. ஆகவே 10,000 ரூஃபியா என்பது ஏறத்தாழ 648 டாலர். ஆனால் அங்கே டாலர் தட்டுப்பாடு இருப்பதால், மாதம் இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று வங்கிகள் வரம்பு வைக்கின்றன. சம்பளம் எவ்வளவு என்பதோடு, அதில் எவ்வளவு மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேரும் என்றும் கேளுங்கள். வீட்டுக் கடன் தவணையை நம்பிப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

2. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கணக்கிடப்படும். மொத்தம் 5,000 திர்ஹாமில் அடிப்படை 3,000 என்று எழுதியிருந்தால் ஓர் ஆண்டுக்கான பணிக்கொடை 2,100 திர்ஹாம்தான். முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் 3,500 கிடைக்கும்.

3. எத்தனை மாதச் சம்பளம்? பள்ளி விடுமுறைக் காலத்துக்கும் சம்பளம் உண்டா, அல்லது பத்து மாதத்துக்கு மட்டுமா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

4. தகுதிகாண் காலம், நோட்டீஸ். மாலத்தீவின் 2008 வேலைவாய்ப்புச் சட்டப்படி தகுதிகாண் காலம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. அமீரகத்தில் அதிகபட்சம் ஆறு மாதம். நடுவில் விலகினால் விமானக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அபராதம் உண்டா என்று தேடிப் படியுங்கள்.

5. உண்மையில் என்ன வேலை? பாடம், வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பீரியட், விடுதிப் பொறுப்பு உண்டா? "நிர்வாகம் சொல்லும் பிற பணிகள்" என்ற ஒரே வரிக்குள் எதுவும் அடங்கிவிடும். அதற்கு விளக்கம் கேளுங்கள்.

6. அறை, மருத்துவக் காப்பீடு, டிக்கெட். "இலவசத் தங்குமிடம்" என்றால் தனி அறையா, பகிர்ந்துகொள்ளும் அறையா? மின்சாரக் கட்டணம் யார் தருவது? விடுமுறைக்கு ஊர் வந்து போக டிக்கெட் உண்டா?

வாய்ப் பேச்சு கணக்கில் வராது

ஏஜென்ட் போனில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அது இல்லாததுதான். கேட்க வேண்டியதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆஃபர் லெட்டரையும் இறுதி ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவைப் பணியாளரிடம் முதலாளி வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு நகல் வீட்டிலும் ஒன்று உங்கள் டிஜிலாக்கரிலும் இருக்கட்டும்.

யாரிடம் கேட்கலாம்?

• தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. அதன் இணையதளத்தில் வேலை அறிவிப்புகளைப் பார்க்கலாம்.
• அயலகத் தமிழர் நலத்துறை கட்டணமில்லா எண்: 1800 309 3793
• மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா: 1800 11 3090
• வெளிநாடு சென்ற பிறகு பிரச்சினை வந்தால், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம்.

"இன்னைக்கே கையெழுத்துப் போடணும், இல்லேன்னா வேலை போயிடும்" என்று அவசரப்படுத்தினால், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். உண்மையான பள்ளி அதைத் தரும். தராத இடத்தில் இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்பதை அந்த அவசரமே சொல்லிவிடும்.