கணக்கில் வராத நடவு நாட்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூன் 1-ல் திறந்தால்தான் முதல் போகம் காலத்தோடு தொடங்கும். தென்மேற்குப் பருவமழை பிந்தினால் மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்றங்காலும் பிந்தும். நிலம் உள்ளவருக்கு அது மகசூல் கவலை. நடவுக்கும் களைக்கும் போகும் தலித் பெண்களுக்கோ அன்றைய உலைக் கவலை.

பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்தால் அரசு நிவாரணம் உண்டு. ஆனால் அது ஹெக்டேர் கணக்கில், சிட்டா, அடங்கல் பார்த்துத் தரப்படுவது. 1892-ல் ஆங்கிலேய அரசு ஆணையிட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களே பெருமளவு கைமாறிப்போன பின், கூலிக்காரர் சிட்டாவுக்கு எங்கே போவார்? ஊரக வேலை உறுதித் திட்டமும் ஊராட்சிகளுக்குத்தான், மார்க்கையன்கோட்டையோ பேரூராட்சி. பூச்சிமருந்து மிகுந்த வயலில் வரப்புக் கீரையும் நண்டும்கூட மிஞ்சுவதில்லை.

ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. அதன் திட்டத்தில் அணை நீர்மட்டம், விதை ரகம், மேகமலைக் காடு எல்லாம் வரட்டும். கூடவே, தண்ணீர் பிந்தும் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வேலை இழக்கிறார்கள் என்ற கணக்கும் அதற்கான கூலி இழப்பீடும் வரவேண்டும். படித்த பிள்ளைகளே, தெருத்தெருவாக அந்தக் கணக்கை எடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.